அடுப்புக்கு எஃப்.சி. பார்ப்பது யார்?

2025 நவம்பர் 11 காலை, அரியலூர் மாவட்டம் வாரணவாசி அருகே சாலை வளைவில் ஒரு லாரி கவிழ்ந்தது. லாரி நிறைய கேஸ் சிலிண்டர்கள். தீப்பிடித்ததும் அவை ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்க, சுற்றுவட்டாரமே அதிர்ந்தது. ஓட்டுநர் காயங்களோடு தப்பினார். போக்குவரத்து மாற்றிவிடப்பட்டது, செல்போனில் எடுத்த காட்சிகள் தமிழ்நாடு முழுக்கச் சுற்றின. சிலிண்டர் லாரிகள் எந்த வேகத்தில் போகின்றன, அந்த வளைவை ஏன் சரிசெய்யவில்லை என்று அதன் பிறகு பேச்சு கிளம்பியது. பேச வேண்டியதுதான்.

ஆனால், சாலையில் போகும் சிலிண்டருக்குக் கேட்க ஆள் இருக்கிறது. அதை ஏற்றும் வண்டிக்கு உரிமமும், எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றும், விதிகளும் உண்டு. சிலிண்டரின் உடம்பையே பத்து ஆண்டு கழித்தும், அதன் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் அழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்பது சட்டம். மேல்வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்பக்கம் ‘பி-27’ என்பதுபோல ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். அடுத்த சோதனைக்கான கெடு அது. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், அடுத்தடுத்த மும்மாதங்களுக்கு சி, டி. கெடு தாண்டிய சிலிண்டரை நிரப்பி அனுப்பக் கூடாது. இத்தனை காவலோடு வரும் அந்த இரும்புப் பாத்திரம் நம் வீட்டு நிலைப்படியைத் தாண்டிய நொடியிலிருந்து, ரெகுலேட்டர், டியூப், அடுப்பு எதையும் யாரும் பார்ப்பதில்லை. சிலிண்டரே தானாக வெடித்து நடக்கும் விபத்து அபூர்வம். டியூப்பிலோ வாஷரிலோ கசிந்து, அறைக்குள் தேங்கி, ஒரு பொறியில் பற்றிக்கொள்வதைத்தான் மறுநாள் செய்தியில் ‘சிலிண்டர் வெடித்தது’ என்று படிக்கிறோம்.

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துச் சமையலறை ஒன்றை நினைத்துப் பாருங்கள். பத்துக்கு எட்டு அடி, ஒரு சன்னல். சன்னலின் கீழ்ப்பாதியை மூட்டை மறைத்திருக்கும். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் மண் இது. அறுவடை முடிந்தால் வீட்டுக்குள் தானியம் வரும், தானியத்தின் பின்னால் எலி வரும். சிமெண்ட் மேடையில் அடுப்பு, கீழே சிலிண்டர், இரண்டுக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் டியூப். அந்த டியூப் வாங்கிய ஆண்டு யாருக்கும் நினைவில்லை. அடுப்பு முனையில் அது சூட்டில் இறுகிப் போயிருக்கும். விரலால் மடக்கினால் மேல்தோலில் நுணுக்கமாகக் கீறல் தெரியும். தாளித்த எண்ணெய் தெறித்துத் தெறித்துப் பிசுபிசுப்பு ஏறியிருக்கும். அந்த எண்ணெய் வாசனைக்குத்தான் எலி வந்து கடிக்கிறது. கடைத்தெருவில் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் பச்சை டியூப் என்றால் எலிக்கு வேலை சுலபம். எண்ணெய் நிறுவனங்கள் ‘சுரக்‌ஷா’ என்ற பெயரில் தரும் ஆரஞ்சு நிற டியூப்புக்குள் இரும்புக் கம்பி வலை இருக்கிறது. ஐஎஸ்ஐ தரம், ஆயுள் ஐந்தாண்டு, விலை ஏறத்தாழ 200 ரூபாய்க்குள். தயாரித்த மாதமும் ஆண்டும் அதன் மேலேயே அச்சிட்டிருக்கும்.

ரெகுலேட்டரைத் தாண்டி டியூப்புக்குள் வரும் கேஸின் அழுத்தம், சிலிண்டருக்குள் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் கசிவு சீறிக்கொண்டு வராது. மெல்ல, சத்தமில்லாமல் வரும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு படர்ந்து, மேடைக்கு அடியிலும் மூட்டைச் சந்திலும் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே போதும், பற்றிக்கொள்ளும். மேலே சொன்ன அளவுள்ள அறைக்குக் கணக்குப் போட்டால் ஒரு கிலோவுக்கும் குறைவான கேஸ் போதும். சிலிண்டருக்குள் இருப்பதோ 14.2 கிலோ. இரவு முழுக்க ரெகுலேட்டரை மூடாமல் விட்ட வீட்டில் விடியற்காலை முதல் ஆளாக எழுந்து வருபவர், பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண், லைட் சுவிட்சைத் தட்டுகிறார்.

இங்கேதான் நம் ‘விழிப்புணர்வு’ என்ற சொல் மேல் எனக்குக் கோபம் வருகிறது. தீயணைப்பு நிலையத்தார் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஈரச் சாக்கைப் போர்த்தி சிலிண்டர் தீயை அணைத்துக் காட்டுகிறார்கள். ஏஜென்சி சுவரில் செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது என்று பட்டியல். எல்லாம் நல்லவைதான். எல்லாவற்றிலும் பேசப்படுபவர் அந்த ஒரே பெண்: நீ கவனமாக இரு, நீ ரெகுலேட்டரை மூடு, நீ டியூப்பைப் பார். விபத்து நடந்தாலும் கேள்வி அவரை நோக்கித்தான். அவர் மறந்துவிட்டார், அவர் அலட்சியம். டியூப் இறுகுவதும் வாஷர் தேய்வதும் கவனத்தால் நிற்கிற காரியமா? அது பராமரிப்பு வேலை. அதற்கு ஓர் ஆள் வேண்டும், அவருக்குத் தேதி வேண்டும், கூலி வேண்டும், அவர் வந்து போனதற்கு எழுத்தில் சாட்சி வேண்டும்.

இதே மண்ணில் இதற்கு எடுத்துக்காட்டு இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் பொதுத்துறை சர்க்கரை ஆலை ஓடுகிறது. கொதிகலன் இயக்ககத்தின் சான்றிதழ் இல்லாமல் அதன் கொதிகலனில் நெருப்பு மூட்ட முடியாது. கெடு தீர்ந்தால் ஆய்வாளர் வந்து பார்த்தாக வேண்டும். அரவை இல்லாத மாதங்களில் குழாய்களைக் கழற்றி, சுத்தம் செய்து, அழுத்தம் ஏற்றிப் பார்த்துத்தான் மறு அரவை. யாருடைய நினைவாற்றலையும் நம்பி இது நடக்கவில்லை. 1923-இல் வந்த கொதிகலன் சட்டத்தை நம்பி நடந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் என்று அதை எடுத்துவிட்டு 2025-இல் புதிய சட்டம் கொண்டுவந்தார்கள். அதிலும் ஆய்வும் சான்றிதழும் அப்படியே இருக்கின்றன.

அந்தச் சட்டத்துக்குள் வராதவை எவை என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவு உள்ளவை வராது. ஒரு கிலோ அழுத்தத்துக்குக் குறைந்தவை வராது. தண்ணீரை 100 டிகிரிக்குக் கீழ் சூடேற்றுபவை வராது. நீராவி ஆலைகளுக்காக எழுதிய சட்டத்தில் இந்த விலக்கு நியாயம்தான். ஆனால், விலக்கப்பட்டவற்றுக்கு வேறு வாசல் எதுவும் திறக்கவில்லை. விடுதிகளில் இட்லி வேகவைக்கும் சிறிய நீராவிக் கலன்களில் பலவும், குளியலறையில் மாட்டும் கேஸ் கீசரும், பெருநகர ஓட்டல் ஒன்றில் நீச்சல் குளத்து நீரைக் கதகதப்பாக்கும் கேஸ் ஹீட்டரும் இந்த விலக்கில் போய்ச் சேர்கின்றன. குளிர்நாடுகளில் அந்த நீச்சல் குள ஹீட்டருக்கே ஆண்டுக்கொரு முறை ஆளைக் கூப்பிட்டு, பர்னரைக் கழற்றி, புகைபோக்கியில் அடைப்பு இருக்கிறதா, கலவைக் குழாயில் சிலந்தி கூடு கட்டியிருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். இங்கே சோறு பொங்குகிற அடுப்புக்கே அந்த மரியாதை இல்லை.

கேஸ் கீசரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் இரு மாவட்டங்களின் வெயிலுக்கு அது பெரிதாகப் பரவவில்லை. ஆனால் பெங்களூரு, ஓசூர் பக்கம் வேலைக்குப் போன பிள்ளைகள் வாடகைக்கு எடுக்கும் வீடுகளில் இருக்கும். 2025 அக்டோபரில் கர்நாடகத்தின் பிரியாபட்டணாவில் குளியலறைக்குள் போன சகோதரிகள் இருவர் கீசர் புகையால் மூச்சுத்திணறி இறந்ததாகச் செய்தி வந்தது. காற்றோட்டம் இல்லாத அறையில் கேஸ் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு பிறக்கும். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. கேஸ் கசிந்தால் மூக்குக்குத் தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டனை முன்கூட்டியே கலந்துவிடுகிறார்கள். எரிந்து வரும் புகைக்கு அந்த வசதி கிடையாது. அடுப்பிலும் அடையாளம் ஒன்று உண்டு: நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாகி, பாத்திரத்தின் அடி கறுத்தால் பர்னர் துளைகள் அடைத்துக்கொண்டன என்று பொருள். பொங்கி வழிந்த பாலும் கஞ்சியும் காய்ந்து அடைத்திருக்கும்.

ஆய்வே கிடையாதா என்றால், காகிதத்தில் இருக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஏஜென்சியின் மெக்கானிக் வீட்டுக்கு வந்து இணைப்பைப் பார்க்க வேண்டும். அதற்கு வாடிக்கையாளர் 200 ரூபாயும் ஜிஎஸ்டியும் தர வேண்டும். ‘கட்டாய ஆய்வு’ என்று அதற்குப் பெயர். நடைமுறையில் என்ன ஆகிறது? காக்கிச் சட்டை போட்டு, கழுத்தில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டு, “ஏஜென்சியிலிருந்து வர்றோம்மா” என்று சொல்லி ஒரு டியூப்பைத் தலையில் கட்டிவிட்டுக் காசோடு போகும் ஏமாற்றுப் பேர்வழிகளின் கதை ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறது. ஆகவே, உண்மையான மெக்கானிக் வந்தாலும் கதவு திறப்பதில்லை. திறக்கும் இடத்திலோ, அவர் வாசலில் நின்றபடியே படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். இரண்டு பேரையும் குறை சொல்வது எளிது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் முகம் தெரியாத ஆளை அடுப்படி வரை விட எந்த வீடும் தயங்கத்தான் செய்யும்.

எண்ணெய் நிறுவனங்கள் இதைப் புரிந்துகொண்டனவோ என்னவோ, அண்மை ஆண்டுகளில் காசு வாங்காத ‘அடிப்படைப் பாதுகாப்புச் சோதனை’ என்ற இயக்கத்தை நடத்தின. நாடு முழுவதும் 12 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் பார்த்ததாகவும், 4.65 கோடி டியூப்களைச் சலுகை விலையில் மாற்றியதாகவும் மத்திய அரசு கணக்குக் கொடுத்திருக்கிறது. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பார்த்த ஐந்து வீட்டில் ஏறக்குறைய இரண்டு வீட்டுக்கு ஒரு டியூப் மாற்றப்பட்டிருக்கிறது. இதை வெற்றிக் கணக்காக வெளியிட்டார்கள். எனக்கு இது நோய்க் கணக்காகத் தெரிகிறது. நாட்டில் மொத்த இணைப்புகள் 30 கோடியைத் தாண்டும். மீதி வீடுகளின் நிலையை நீங்களே ஊகிக்கலாம்.

தமிழ்நாட்டில் இந்த மீதி வீடுகளுக்கு ஒரு வரலாறு உண்டு. 2006 தேர்தலில் தந்த வாக்குறுதிப்படி ஏழைக் குடும்பங்களுக்கு இலவச அடுப்பும் கேஸ் இணைப்பும் தரும் திட்டத்தைத் திமுக அரசு 2007-இல் தொடங்கியது. பிறகு 2016-இல் மத்திய அரசின் உஜ்வலா வந்தது. செந்துறை, வேப்பூர், ஆலத்தூர், தா.பழூர் என்று விறகுப் புகையில் இருமிக்கொண்டிருந்த வீடுகளுக்கு இந்த இரண்டு திட்டங்களும் செய்த நன்மையை யாரும் குறைத்துப் பேச முடியாது. கொடுக்கும் நாளில் மேடையும் பந்தலும் இருந்தன. ஐந்தாண்டு கழித்து அந்த டியூப்பை மாற்றும் நாளுக்குப் பந்தல் போட ஆள் இல்லை. சிலிண்டர் வாங்கவே கூலிக் காசை எண்ணும் வீட்டில், எரிந்துகொண்டிருக்கும் அடுப்புக்கு 200 ரூபாயில் புது டியூப் என்பது அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும் செலவு. அடுப்பை இலவசமாகக் கொடுத்த அரசு, ஐந்தாண்டுக்கு ஒரு டியூப்பையும் இலவசமாகக் கொடுப்பதில் என்ன தடை? மானியத்துக்குப் போகும் தொகையோடு ஒப்பிட்டால் இது கண்ணுக்கே தெரியாது.

யார் பார்ப்பது என்ற கேள்விக்கு வருவோம். எல்லா வீட்டு வாசலுக்கும் ஏற்கெனவே ஒருவர் வந்துகொண்டுதான் இருக்கிறார்: சிலிண்டர் போடும் தம்பி. இரும்பும் கேஸுமாக 30 கிலோ எடையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அடுப்படி வரை செல்பவர் அவர். பெயர் தெரியாவிட்டாலும் முகம் தெரியும். “அக்கா, சிலிண்டர்” என்ற குரல் தெரியும். சிலிண்டரை இறக்கும்போது எடை போட்டுக் காட்டுவதும், வாயில் கசிவு இருக்கிறதா என்று சோதிப்பதும் விதிப்படி அவர் கடமை. அவசரத்தில் பெரும்பாலும் மூடியைக்கூடத் திறப்பதில்லை. செல்போனுக்கு வரும் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடுகிறார். பில்லுக்கு மேல் அவர் கேட்கும் காசைப் பற்றி ஊரெல்லாம் புகார். அந்தக் காசை அவர் ஏன் கேட்க வேண்டியிருக்கிறது, ஏஜென்சி அவருக்கு எவ்வளவு தருகிறது என்று கேட்பவர்கள் குறைவு.

அவருக்கு மூன்று நிமிட வேலை ஒன்றைச் சேர்த்துக் கொடுக்கலாம். ரெகுலேட்டரை மாட்டியபின் ஒரு சின்னப் பாட்டிலில் இருக்கும் சோப்பு நீரைச் சிலிண்டர் வாய், ரெகுலேட்டர் முனை, அடுப்பு முனை மூன்றிலும் தடவ வேண்டும். எங்காவது நுரை கொப்புளித்து எழுந்தால் அங்கே கசிகிறது. வாய்க்குள் இருக்கும் ரப்பர் வாஷர் போயிருந்தால் பையிலிருந்து புதிது எடுத்துப் போட வேண்டும். டியூப்பின் மேல் அச்சிட்ட ஆண்டைப் பார்த்து பில்லில் எழுத வேண்டும். அவ்வளவுதான். இதற்கான கூலியை எண்ணெய் நிறுவனம் கொடுக்க வேண்டும், வீட்டுக்காரர் கொடுக்கக் கூடாது. வீட்டுக்காரர் கொடுத்தால் அது மறுபடியும் பில்லுக்கு மேல் கேட்கும் காசாகிவிடும். சிலிண்டர் பதிவு செய்ததும் குறுஞ்செய்தி அனுப்பத் தெரிந்த கணினிக்கு, ‘உங்கள் டியூப்பின் ஆயுள் வரும் மாதத்தோடு முடிகிறது’ என்று ஒரு வரி அனுப்புவது பெரிய வித்தையா?

இதற்கு நேரம் ஏது, ஆள் ஏது என்று ஏஜென்சிக்காரர்கள் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை முடியாவிட்டால் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கட்டும். ஜப்பானில் சிலிண்டர் கேஸ் விற்கும் நிறுவனம் நான்காண்டுக்கு ஒருமுறையாவது வீட்டுக்குப் போய் இணைப்பைச் சோதித்தாக வேண்டும். விற்றவர் தலையில் அந்தப் பொறுப்பை வைத்தார்கள். பிரிட்டனில் வாடகை வீட்டுக் கேஸ் கருவிகளை ஆண்டுதோறும் பதிவுபெற்ற மெக்கானிக்கை வைத்துச் சோதித்து, அந்தச் சான்றின் நகலை 28 நாளுக்குள் குடியிருப்பவர் கையில் கொடுப்பது வீட்டுச் சொந்தக்காரரின் சட்டக் கடமை. இரண்டு இடத்திலும் சமைப்பவரிடம் பொறுப்பைத் தள்ளிவிடவில்லை.

காப்பீடு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. கேஸ் விபத்தில் இறந்தால் ஆளுக்கு 6 லட்சம் ரூபாய், மருத்துவச் செலவுக்கு ஆளுக்கு 2 லட்சம் வரை, பதிவு செய்த முகவரியில் உள்ள வீட்டுச் சேதத்துக்கு 2 லட்சம் வரை. இதற்கு வாடிக்கையாளர் தனியாகப் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. விபத்து நடந்ததும் ஏஜென்சிக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்பதையும், கசிவு என்று சந்தேகம் வந்தால் 24 மணி நேரமும் 1906-ஐ அழைக்கலாம் என்பதையும் எத்தனை வீட்டில் தெரிந்து வைத்திருக்கிறார்கள்? கேஸ் புத்தகத்தின் அட்டையில் போட வேண்டிய செய்தி இது.

வீடுகளைவிட அவசரம் பள்ளிக்கூடங்களுக்கு. 1982 ஜூலை 1-இல் எம்ஜிஆர் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிய பாப்பாக்குறிச்சி அன்றைய ஒன்றுபட்ட திருச்சி மாவட்டத்தில்தான் இருந்தது. பெரம்பலூரும் அரியலூரும் அப்போது அதே மாவட்டம். இப்போது அதோடு முதலமைச்சரின் காலை உணவுத் திட்டமும் சேர்ந்திருக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. மகளிர் குழுப் பெண்கள் விடியும் முன்பே வந்து, பூட்டைத் திறந்து, கேஸ் பற்றவைத்து உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ கிண்டுகிறார்கள். இரவெல்லாம் மூடிக்கிடந்த அறை அது. சன்னலைத் திறந்து சற்று நேரம் விட்டுத்தான் தீக்குச்சியையோ சுவிட்சையோ தொட வேண்டும். பிள்ளைகள் மணியடிக்கும் முன் வந்துவிடுவார்கள் என்ற ஓட்டத்தில் அந்தப் பெண்ணுக்கு அந்தச் சற்று நேரம் வாய்ப்பதில்லை. திட்டத்தின் சுவையைச் சோதிக்க அதிகாரிகள் அடிக்கடி வருகிறார்கள். உப்புமாவை வாயில் போட்டுப் பார்க்கும் புகைப்படமும் வருகிறது. அடுப்புக்குக் கீழே குனிந்து டியூப்பைத் தொட்டுப் பார்க்கும் புகைப்படத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

பக்கத்து மாவட்டத்துக் கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் கருகிய தீ, பள்ளிச் சமையற்கூடத்தில்தான் தொடங்கியது. அன்று விறகடுப்பு, கீற்றுக் கொட்டகை. அதன் பின் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் போயின. கூரை மாறியது, எரிபொருளும் மாறியது. புதிய எரிபொருளுக்கு ஏற்ற ஆய்வு மட்டும் வந்து சேரவில்லை.

2012-இல் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகு, ஆண்டுதோறும் மே மாதம் பள்ளி வாகனங்களை வரிசையாக நிறுத்திச் சோதிப்பது தமிழ்நாடு முழுவதும் வழக்கமாகிவிட்டது. பெரம்பலூரிலும் அரியலூரிலும் நடக்கிறது. வருவாய், காவல், போக்குவரத்து, கல்வி, தீயணைப்பு என்று எல்லாத் துறையும் மைதானத்துக்கு வருகிறது. படிக்கட்டு எத்தனை உயரம், அவசரக் கதவு திறக்கிறதா, முதலுதவிப் பெட்டியில் மருந்து காலாவதியாகிவிட்டதா என்று பார்த்துக் குறையுள்ள வண்டியைத் திருப்பி அனுப்புகிறார்கள். அதே மே மாதம் பள்ளிச் சமையலறைகள் பூட்டிக் கிடக்கின்றன. ஏஜென்சி மெக்கானிக் ஒருவரையும் தீயணைப்பு வீரர் ஒருவரையும் சேர்த்து ஒன்றியத்துக்கு ஒரு குழு அனுப்பினால், விடுமுறை முடிவதற்குள் அந்த ஒன்றியத்தின் எல்லாச் சமையலறைகளையும் சுற்றி வந்துவிட முடியும். டியூப், வாஷர் விலை சில நூறு ரூபாய். அதைப் பள்ளிப் பராமரிப்பு நிதியிலேயே எழுதலாம். தேர்ச்சி பெற்ற சமையலறையின் கதவில் தேதியிட்டு ஒரு வில்லை ஒட்டட்டும். வில்லை இல்லாத அறையில் ஜூன் மாதம் அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்று ஆணையிடும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கு இன்றைக்கே இருக்கிறது.